மூலமும் படியும்



கரும்பலகையின் முன் நின்று, எதிரே இருக்கும் முகங்களைப் பார்த்துப் பேசியே பழகியவன் நான். உங்கள் முகங்களைக் காணாமல் ஒலிவாங்கியின் முன் அமர்ந்து பேசுவது எனக்குச் சற்றுப் புதிதாகவே இருக்கிறது. ஆயினும் இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் முகங்களோடு நெருங்கிய தொடர்புடையது. கைப்பேசியாலும் கேமராவாலும் எடுத்த நிழற்படங்களை இணையத்தின் வழியே பிறருக்கு அனுப்பும்பொருட்டு அளவிற் சிறியனவாகச் சுருக்குகிறோம் அல்லவா? அந்தச் செயலைப் பற்றியே சில கருத்துகளைச் சொல்ல விரும்புகிறேன்.

"இதில் சொல்லுவதற்கு என்ன இருக்கிறது? பொத்தானை அழுத்தினால் படம் சிறிதாகிவிடுமே!" என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். நானும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தால் விளைந்த ஒரு பிழையை இப்பேச்சின் இறுதியில் உங்களிடம் மறைக்காமல் சொல்வேன். அதற்கு முன்பு, படம் என்பது யாது, அதைச் சுருக்கும்போது அதனுள் நிகழ்வது யாது என்பவற்றை முறையாக அறிந்துகொள்வோம்.

கணக்கு வகுப்பில் நீங்கள் பயன்படுத்தும் கட்டத்தாளை நினைவிற் கொள்ளுங்கள். அதன்மேல் ஒரு முகத்தின் படம் விழுவதாகக் கொள்வோம். ஒவ்வொரு கட்டத்திலும் விழும் ஒளியின் அளவுக்கு ஏற்ப ஓர் எண்ணை எழுதுவோம். முழுக் கருமைக்கு 0. முழு வெண்மைக்கு 255. இடைப்பட்ட சாயல்களுக்கு இடைப்பட்ட எண்கள். தாள் முழுவதும் இவ்வாறு எழுதி முடித்தால், முகம் மறைந்து எண்களின் அட்டவணை ஒன்று நம் கையில் இருக்கும். அந்த அட்டவணையைப் பார்த்து மீண்டும் கட்டங்களுக்குச் சாயம் தீட்டினால், மறைந்த முகம் திரும்ப வந்துவிடும். டிஜிட்டல் படம் என்பது இவ்வளவே. ஒவ்வொரு கட்டத்தையும் பிக்சல் என்பர். நாம் புள்ளி என்றே சொல்வோம். வண்ணப் படமாயின், ஒரு புள்ளிக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று நிறங்களுக்கு மூன்று எண்கள் வேண்டும்.

ஒரு நிழற்படத்தை இவ்வாறு எண்களாக மாற்றும் முயற்சி 1957ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நிறைவேறியது. ரஸ்ஸல் கிர்ஷ் என்னும் அறிஞர், அந்நாட்டின் தேசியத் தரநிலை நிறுவனத்தில் பணியாற்றியவர். அவர் தம் கைக்குழந்தையின் படம் ஒன்றைத் தாமும் தம் குழுவினரும் அமைத்த கருவியால் வருடி, கணிப்பொறிக்குள் செலுத்தினார். நீளத்தில் 176 புள்ளிகள், அகலத்தில் 176 புள்ளிகள். ஆக மொத்தம் 30,976 புள்ளிகள். உலகத்துப் பேரரசர்களையும் பெருமலைகளையும் விட்டுவிட்டு, ஒரு தந்தை தம் பிள்ளையின் முகத்தையே முதலில் கணிப்பொறிக்குக் காட்டினார் என்பது எண்ணி மகிழத்தக்க செய்தி.

பின்னர் 1975ஆம் ஆண்டில் கோடக் நிறுவனத்தின் பொறியாளர் ஸ்டீவன் சாசன், படச்சுருள் வேண்டாத முதற் கேமராவை அமைத்தார். அது எடுத்த படத்தில் நீளத்திலும் அகலத்திலும் 100 புள்ளிகளே இருந்தன, மொத்தம் 10,000. அந்தச் சிறு படத்தை ஒலிநாடாவில் பதிவதற்கு 23 விநாடிகள் ஆயின. இந்தப் பதினாயிரம் என்னும் எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் அது நமக்கு வேண்டியிருக்கும்.

இன்று பலர் கையில் உள்ள கைப்பேசி எடுக்கும் படத்தில் நீளவாட்டில் 4000 புள்ளிகளும் உயரவாட்டில் 3000 புள்ளிகளும் இருக்கின்றன. பெருக்கினால் ஒரு கோடியே இருபது இலட்சம். ஒவ்வொன்றுக்கும் மூன்று எண்கள். ஓர் எண்ணுக்கு ஒரு பைட் இடம். அவ்வாறாயின், ஒரே படத்துக்கு மூன்று கோடியே அறுபது இலட்சம் பைட், அஃதாவது ஏறத்தாழ 36 மெகாபைட் இடம் தேவைப்படும். கைப்பேசியே அதனை ஒருவாறு அடக்கிச் சுமார் 3 முதல் 5 மெகாபைட் அளவுள்ள கோப்பாக நமக்குத் தருகிறது.

இத்துணைப் பெரிய படத்தை அப்படியே அனுப்பினால் என்ன நேரும்? அதைப் பெறுபவர் பெரும்பாலும் ஒரு திரையில்தான் பார்ப்பார். பரவலாக வழங்கும் கணினித் திரை ஒன்றில் 1920க்கு 1080 என்ற கணக்கில், ஏறத்தாழ 20 இலட்சத்து 73 ஆயிரம் புள்ளிகளே உள்ளன. ஆகவே, நாம் அனுப்பிய புள்ளிகளில் ஏறத்தாழ ஆறில் ஐந்து பங்குக்கு அத்திரையில் ஒருசேரத் தோன்ற இடமில்லை. அண்ணனின் திருமணத்தில் எடுத்த 40 படங்களை, ஒன்று 4 மெகாபைட் வீதம் ஊரிலுள்ள பாட்டியாரின் கைப்பேசிக்கு அனுப்பினால், மொத்தம் 160 மெகாபைட் ஆகிறது. நாளுக்கு இவ்வளவு என்று அளந்து பணம் செலுத்தியிருக்கும் அவருடைய இணையப் பங்கில் அது கைவைக்கிறது. அலைவரிசை மெலிந்த ஊராயின், படங்கள் இறங்குவதற்குள் பொழுதே இறங்கிவிடும். அவற்றைத் தக்கவாறு சுருக்கி, ஒன்று 300 கிலோபைட் அளவில் அனுப்பினால், நாற்பதும் சேர்ந்து 12 மெகாபைட்டில் அடங்கும். அவர் கண்ணுக்கு வேறுபாடு பெரிதாகத் தோன்றாது. ஆதலால் பகிர்வதற்குமுன் படத்தைச் சுருக்குவது சிக்கனம் மட்டும் அன்று. பெறுபவரை எண்ணிச் செய்யும் ஒரு பண்பும் ஆகும்.

இனி, சுருக்கும்போது நிகழ்வதைக் காண்போம். சுருக்குதல் இரு வகைப்படும். புள்ளிகளின் எண்ணிக்கையைக் குறைப்பது ஒன்று. இருக்கும் புள்ளிகளைப் பற்றிய குறிப்பைச் சுருக்கி எழுதுவது மற்றொன்று.

முதல் வகையை எடுத்துக்கொள்வோம். படத்தின் நீளத்தையும் உயரத்தையும் பாதியாக்கினால், நான்கு புள்ளிகள் இருந்த இடத்தில் ஒரே புள்ளி நிற்க வேண்டும். அந்த ஒரு புள்ளிக்கு எந்த எண்ணைக் கொடுப்பது? இதற்குப் பல முறைகள் உண்டு. எல்லாவற்றிலும் எளியது, நான்கின் சராசரியைக் கொடுப்பது. உங்களுக்கு நன்கு விளங்கும்படி மதிப்பெண்ணைக் கொண்டே சொல்கிறேன். நான்கு மாணவர்கள் முறையே 90, 80, 30, 20 மதிப்பெண் பெற்றனர் என்க. கூட்டினால் 220, சராசரி 55. இப்போது 55 என்ற எண்ணை மட்டும் ஒருவரிடம் கொடுத்து, "நான்கு மாணவர்களின் மதிப்பெண்களையும் சொல்லுக" என்றால் அவரால் இயலுமா? நால்வரும் 55 பெற்றிருக்கலாம். 60, 60, 50, 50 என்றும் இருக்கலாம். சராசரியிலிருந்து தனித்தனி எண்களைத் திரும்பப் பெறும் வழி கணக்கிலேயே இல்லை. தொண்ணூறு பெற்றவனின் பெருமையும் இருபது பெற்றவனின் துயரமும் அந்த 55க்குள் கரைந்துபோய்விட்டன. சுருக்கிய படத்திலிருந்து பழைய படத்தை மீட்க இயலாமைக்குக் காரணம் இதுவே.

இரண்டாம் வகையில் புள்ளிகளின் எண்ணிக்கை குறைவதில்லை. ஜேபெக் என்னும் முறையில் அமைந்த கோப்புகளை நீங்கள் நாள்தோறும் கையாளுகிறீர்கள். நிழற்பட வல்லுநர்களின் கூட்டுக்குழு ஒன்று வகுத்து, 1992ஆம் ஆண்டில் உலகத் தரமாக ஏற்கப்பட்ட முறை அது. அது படத்தை எட்டுக்கு எட்டாக, 64 புள்ளிகள் கொண்ட சிறு சதுரங்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு சதுரத்திலும் உள்ள 64 எண்களை வேறு 64 எண்களாக மாற்றி எழுதுகிறது. புதிய எண்களில் முதலாவது அச்சதுரத்தின் சராசரி ஒளியைச் சொல்லும். அடுத்தவை, ஒளி மெல்ல மெல்ல மாறும் பாங்கைச் சொல்லும். கடைசியில் நிற்பவை, முடியிழை, துணியின் நெசவு போன்ற மிக நுண்ணிய மாற்றங்களைச் சொல்லும். நம் கண் அந்த நுண்ணிய மாற்றங்களை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. ஆகவே அவற்றைத் தோராயமாக எழுதியும், மிகச் சிறியவற்றை அறவே விட்டும் இடத்தை மிச்சப்படுத்துகிறது அம்முறை. எவ்வளவு விடுவது என்பதைத்தான் "தரம்" என்று நிரல்கள் நம்மைக் கேட்கின்றன.

இந்த மாற்றத்துக்கு அடிப்படையான கணக்கைக் கண்டவர் நசீர் அகமது. இவர் 1940ஆம் ஆண்டில் பெங்களூரில் பிறந்தவர். அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். 1972ஆம் ஆண்டில் இந்த ஆராய்ச்சிக்குப் பொருளுதவி வேண்டி அந்நாட்டின் தேசிய அறிவியல் நிறுவனத்துக்கு விண்ணப்பித்தார். கருத்து மிக எளிதாக இருக்கிறது என்ற குறையால் உதவி மறுக்கப்பட்டது. அவர் மனம் தளரவில்லை. தம் மாணவர் நடராஜன், நண்பர் கே. ஆர். ராவ் ஆகியோருடன் சேர்ந்து உழைத்து, 1974ஆம் ஆண்டில் அதனைக் கட்டுரையாக வெளியிட்டார். எளிது என்று ஒதுக்கப்பட்ட அந்தக் கருத்தே இன்று நம் கைப்பேசிப் படங்களுக்குள் உழைத்துக்கொண்டிருக்கிறது. எளிமையைக் குறையாகக் கருதலாகாது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

ஆனால் இம்முறையில் ஒரு தன்மையை நீங்கள் கருத்தில் இருத்த வேண்டும். ஜேபெக் கோப்பைத் திறந்து, ஏதேனும் மாற்றி, மீண்டும் அதே முறையிற் சேமிக்கும்போதெல்லாம் இன்னும் சிறிது விவரம் கழியக்கூடும். நம் முன்னோர் ஓலைச் சுவடிகளைப் பெயர்த்தெழுதி வந்ததை நீங்கள் படித்திருப்பீர்கள். ஓலை சில நூற்றாண்டுகளுக்குமேல் தாங்காது. ஆதலால் ஒன்றைப் பார்த்து ஒன்றாக எழுதி வந்தார்கள். மூலத்தைப் பார்த்து எழுதியவன் ஓர் எழுத்தைத் தவறவிட்டால், அவன் படியைப் பார்த்து எழுதியவனுக்கு அந்த எழுத்து இருந்ததே தெரியாது. அவன் தன் பங்குக்கு வேறொன்றைத் தவறவிடுவான். இப்படியே பாடவேறுபாடுகள் பெருகின. படியிலிருந்து படி, அந்தப் படியிலிருந்து மற்றொரு படி என்று கை மாறிக் கை மாறி வரும் நிழற்படமும் இவ்வாறே மங்கிக்கொண்டு போகிறது. உங்கள் கைப்பேசிக்குப் பலர் வழியாக வந்து சேரும் படங்களில் எழுத்தோரங்கள் கலங்கியும், வானம் சதுரம் சதுரமாகவும் தோன்றுவதைப் பார்த்திருப்பீர்களே! அது பலமுறை பெயர்த்தெழுதப்பட்ட ஏடு.

இவற்றை அறிந்த பின், செய்முறை எளிதில் விளங்கும். நான் பின்பற்றும் ஒழுங்கைச் சொல்கிறேன்.

முதலாவது, மூலப்படத்தைத் தொடுதல் கூடாது. அதற்கு ஒரு படி எடுத்து, படியின் பெயரில் "சிறியது" என்றோ வேறு அடையாளமோ சேர்த்து, அதன்மேல்தான் வேலை செய்ய வேண்டும். "சேமி" என்பதும் "வேறு பெயரில் சேமி" என்பதும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரு சொற்கள். ஆனால் அவற்றின் பயன்கள் வடதுருவமும் தென்துருவமும் போன்றவை.

இரண்டாவது, வேண்டாத ஓரங்களை முதலில் வெட்டி நீக்குங்கள். படத்தின் பாதி வெறும் சுவராக இருந்தால், அச்சுவரைச் சுமந்து அனுப்புவதில் பயன் இல்லை.

மூன்றாவது, நீளத்தையும் உயரத்தையும் ஒரே விகிதத்திற் குறையுங்கள். 4000க்கு 3000 என்பதை 1600க்கு 1200 என்று குறைக்கலாம், விகிதம் மாறவில்லை. 1600க்கு 800 என்று குறைத்தால் முகம் தேரைபோலத் தட்டையாகிவிடும். திரையில் பார்ப்பதற்கு நீளப்பக்கம் 1600 புள்ளி இருந்தாற் பெரும்பாலும் போதும். அச்சிடுவதற்கோ அவ்வாறு அன்று. நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி என்பது வழக்கமான கணக்கு. நாலுக்கு ஆறு அங்குலத் தாளுக்கே 1200க்கு 1800 புள்ளிகள் வேண்டும். ஆதலின், பார்க்கவா, அச்சிடவா என்று முதலிற் கேட்டுத் தெளிந்து, பிறகு அளவை முடிவு செய்க.

நான்காவது, தரத்தின் அளவை நூற்றுக்கு 80 அளவில் வைத்துச் சேமித்து, படத்தை ஒருமுறை பெரிதாக்கிப் பாருங்கள். கண்களும் எழுத்துகளும் தெளிவாக இருந்தால் அனுப்பலாம். சில தேர்வு விண்ணப்பங்களில் படம் 20 கிலோபைட்டுக்குக் குறையாமலும் 50 கிலோபைட்டுக்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்று விதித்திருப்பார்கள். கடைசி நாள் இரவில் அவ்விதியை முதன்முறையாகப் படித்துத் திகைத்த மாணவர்களை நான் அறிவேன். தலையும் தோளும் மட்டும் இருக்கும்படி வெட்டி, புள்ளிகளைக் குறைத்து, பிறகு தரத்தைச் சிறிது சிறிதாக மாற்றினால் அந்த அளவுக்குள் எளிதாக வந்துவிடும். ஒரு வாரம் முன்னதாகவே செய்து வைத்துக்கொள்க.

ஐந்தாவது, படத்தோடு மறைந்து செல்லும் குறிப்புகளைக் கவனியுங்கள். படம் எடுத்த நாளும் நேரமும், சில வேளைகளில் எடுத்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகைகளும் கோப்புக்குள் எழுதப்பட்டிருக்கும். படத்தைச் சுருக்கினாலும் அக்குறிப்புகள் நீங்கிவிடும் என்று சொல்வதற்கில்லை. முன்பின் அறியாதவர் பார்க்கும் இடத்தில் படத்தை வைப்பதாயின், இடக்குறிப்பை நீக்கிவிட்டு வைப்பதே அறிவுடைமை. பெண் குழந்தைகள் இதைச் சிறப்பாக மனத்திற் கொள்ள வேண்டும். ஆண் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும்.

இந்த ஐந்தில் முதல் விதியை நான் எவ்வாறு கற்றேன் என்பதைச் சொல்வதாக வாக்களித்தேன். அதற்கு வருகிறேன்.

நான் தலைமையாசிரியராக இருந்த கடைசி ஆண்டுகளில் ஒன்று. பத்தாம் வகுப்பு மாணவர்கள் விடைபெறும் நாளில், பள்ளியின் வேப்பமரத்தடியில் குழுப்படம் எடுத்தோம். நான்கு வரிசைகளில் 58 மாணவர்கள். உதவியாசிரியர் ஒருவர் தம் கேமராவைக் கொண்டு எடுத்தார். படம் 4000க்கு 3000 புள்ளி கொண்டது. அதை அன்று மாலைக்குள் எல்லாப் பெற்றோருக்கும் அனுப்பிவிட வேண்டும் என்று எனக்கு ஓர் ஆவல். பள்ளிக் கணினியின் முன் நானே அமர்ந்தேன். படத்தை 800க்கு 600 ஆகச் சுருக்கினேன். "சேமி" என்பதை அழுத்தினேன். பழைய கோப்பின் இடத்தில் இதை வைக்கலாமா என்று கணினி கேட்டது. படிக்காமலேயே "ஆம்" என்றேன். வாழ்நாள் முழுவதும் மாணவர்களிடம் "வினாவை இருமுறை படி, பிறகு விடை எழுது" என்று சொல்லி வந்தவன் நான்!

ஒரே மாலையில் எல்லா வீடுகளுக்கும் படம் சேர்ந்தது. எல்லோரும் மகிழ்ந்தார்கள், நானும் பெருமைப்பட்டுக்கொண்டேன். சில நாள் கழித்து, விளையாட்டு விழாவுக்கு இடம் வேண்டும் என்று உதவியாசிரியர் கேட்க, "படந்தான் கணினியில் இருக்கிறதே" என்று சொல்லி, கேமராவின் நினைவட்டையை அழிக்கச் சொன்னவனும் நானே.

இரண்டு ஆண்டுகள் சென்றன. ஓய்வு பெற்று வீட்டில் இருந்தேன். ஒரு நாள் காலையில் ஓர் அம்மையார் வந்தார். அந்தக் குழுப்படத்தில் கடைசி வரிசையின் இடக்கோடியில் நின்ற மாணவனின் தாய் அவர். வேலைக்குச் சென்ற ஊரில் சாலை விபத்தில் மகன் இறந்துவிட்டான். அவனுடைய கைப்பேசியும் அவ்விபத்தில் சிதைந்துபோயிற்று. வீட்டில் இருந்தது அடையாள அட்டைக்கு எடுத்த படம் ஒன்றுதான்.

"அதில் அவன் விறைத்துக்கொண்டு இருக்கிறான், ஐயா. சிரித்துக்கொண்டு நிற்பது பள்ளிக்கூடத்தில் எடுத்த படத்தில்தான். அந்த முகத்தை மட்டும் பெரிதாக்கிக் கொடுத்தால் சுவரில் மாட்டிக்கொள்வேன்" என்றார்.

பள்ளிக்குச் சென்று, கணினியில் தேடினேன். அப்போதுதான் நான் செய்தது எனக்கு விளங்கியது. மூலப்படத்தில் அம்மாணவனின் முகம் ஏறத்தாழ 100 புள்ளி அகலமும் 100 புள்ளி உயரமும் இருந்திருக்கும், பதினாயிரம் புள்ளிகள். 1975ஆம் ஆண்டின் முதற் கேமரா ஒரு முழுப் படத்துக்குத் தந்த அதே அளவு! ஒரு சிறு சட்டத்துள் வைக்க அது போதுமானதாக இருந்திருக்கும். நான் சுருக்கிய படத்தில் அம்முகம் 20க்கு 20. மொத்தம் 400 புள்ளிகள். இருபத்தைந்து பங்கில் இருபத்து நான்கு பங்கை என் கையாலேயே அழித்திருந்தேன். பெரிதாக்கிப் பார்த்தால் பனிமூட்டத்துக்குள் ஒரு முகம் நிற்பதுபோல் இருந்தது. சிரிக்கிறானா என்பதுகூடத் தெரியவில்லை.

மனம் கேளாமல் படக்கடை ஒன்றுக்கு அவரை அழைத்துச் சென்றேன். அங்கிருந்த இளைஞர் நல்லவர். செயற்கை நுண்ணறிவு நிரல் ஒன்றால் மங்கிய முகங்களைத் தெளிவாக்கலாம் என்றார். சில நிமிடங்களில் திரையில் ஒரு முகம் தெளிந்து வந்தது. புருவத்தின் முடிகள் தெரிந்தன, பல்வரிசை தெரிந்தது. எனக்குப் பெரும் பாரம் இறங்கியதுபோல் இருந்தது. அம்மையார் நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு, "இந்தப் பிள்ளையும் நன்றாகத்தான் இருக்கிறான், ஐயா. ஆனால் இவன் என் பிள்ளை இல்லை. என் மகனுக்கு முன்பல் ஒன்று விலகியிருக்கும்" என்றார்.

அந்த நிரல் தவறு செய்யவில்லை. அதன் இயல்பைச் செய்தது. எண்ணற்ற முகங்களைப் பார்த்துப் பழகி, இவ்விடத்தில் பொதுவாக எது இருக்கும் என்று கணித்து நிரப்புவதே அதன் வேலை. பொதுவாகப் பல்வரிசை சீராக இருக்கும். ஆதலால் சீரான வரிசையைத் தந்தது. நான் அம்மாணவனின் முகத்தைச் சராசரியாக்கி அழித்தேன். அது உலகத்து முகங்களின் பொதுமையைக் கொண்டு அந்த இடத்தை நிரப்பியது. விலகிய அந்தப் பல் இருவர் கையிலும் இல்லை.

இறுதியில் அவர் குழுப்படம் முழுவதையுமே அஞ்சலட்டை அளவில் அச்சிட்டு வாங்கிக்கொண்டார். அதில் மகனின் முகம் ஒரு பச்சைப்பயறு அளவே இருந்தது. "இவ்வளவு சிறிதாக இருந்தாலும் இது அவன்தான்" என்று சொல்லி, தாளை முந்தானையில் வைத்துச் சுற்றிக்கொண்டு போனார். அவர் என்னை ஒரு சொல்லும் குறை கூறவில்லை. கூறியிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

மாணவச் செல்வங்களே, பள்ளியில் ஆண்டுதோறும் தேர்ச்சி விழுக்காட்டைக் கணக்கிட்டு மேலதிகாரிகளுக்கு அறிக்கை அனுப்புவோம். அந்த அறிக்கை சுருக்கமாகத்தான் இருக்க வேண்டும். ஒவ்வொரு மாணவனின் ஒவ்வொரு மதிப்பெண்ணையும் அதில் எழுதிக்கொண்டிருக்க முடியாது. ஆனால் அறிக்கையை அனுப்பிய பின்பு மதிப்பெண் பதிவேட்டைக் கிழித்துப் போடும் தலைமையாசிரியர் ஒருவரையும் நான் கண்டதில்லை. பதிவேடு அலமாரியில் இருக்கும். அதில் கடைசிப் பெயர்வரை ஒவ்வொன்றும் தனித்தனியே இருக்கும். பதிவேட்டின் அருமை தெரிந்த எனக்கு நிழற்படத்தின் அருமை தெரியாமற்போயிற்று.

பகிர்வதற்காகப் படத்தைச் சுருக்குங்கள்; அது பெறுபவருக்கு நன்மை. ஆனால் சுருக்குவது படியாக இருக்கட்டும். மூலம் ஓரிடத்துக்கு ஈரிடமாக, கைப்பேசியில் ஒன்றும் வேறொரு வட்டிலோ கணினியிலோ ஒன்றுமாக இருக்கட்டும். ஒரு படத்தில் எந்த மூலை பிற்காலத்தில் யாருக்கு அரியதாகும் என்று இன்று நம்மால் அறிய இயலாது. நடுவில் அமர்ந்திருக்கும் தலைமையாசிரியரின் முகம் சுருக்கிய படத்திலும் ஓரளவு தெரிந்துகொண்டுதான் இருந்தது. மறைந்தது கடைசி வரிசையில் நின்றவனின் முகம்.

இன்று மாலை சிறிது நேரம் ஒதுக்கி, உங்கள் வீட்டில் உள்ள படங்களை எடுத்துப் பாருங்கள். மூலம் எது, படி எது என்று பிரித்து, மூலங்களை ஒரு தனி இடத்தில் வையுங்கள். வீட்டுப் பெரியவர்களின் கைப்பேசியிலும் இதைச் செய்து கொடுங்கள். கணினி எதையேனும் அழிக்கட்டுமா என்று கேட்கும்போது, அந்த வினாவை இருமுறை படியுங்கள். பிறகு விடை சொல்லுங்கள்.